கடற்பரப்பைப் பங்கிடும்போது பொருளாதாரத்தையும் சூழலையும் எந்த வரிசையில் எடைபோடுவது?

கேள்வி: கடல்வரைவு

கடலின் எந்தப் பகுதி எந்தப் பயன்பாட்டுக்கு என்று முன்கூட்டியே வகுக்கும் கடல்சார் இடத் திட்டமிடல் குறித்துச் சில காலமாகப் படித்துவருகிறேன். யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையிலான பெருங்கடலியல் ஆணையம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியையும், கரையோர உறுப்பு நாடுகள் 2021 மார்ச் இறுதிக்குள் தத்தம் கடற்பரப்புக்குத் திட்டம் வகுத்தாக வேண்டும் என்று விதித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு நெறியாணையையும், சில நாடுகளின் திட்ட ஆவணங்களையும் பார்த்தேன். பொருளாதார வளர்ச்சியையும் சூழல் பாதுகாப்பையும் சமநிலையில் வைப்போம் என்ற உறுதிமொழி எல்லாவற்றிலும் இருக்கிறது. அதை எட்டும் முறை எது என்று தேடினால், ‘தொடர்புடைய தரப்பினருடன் கலந்தாலோசித்து’ என்ற ஒற்றைத் தொடருக்குள் சிக்கல் முழுவதும் மறைந்துபோகிறது.

என் குழப்பத்தைக் கற்பனையான ஓர் இடத்தை வைத்துச் சொல்கிறேன். கரையிலிருந்து 20 கடல் மைல் தொலைவில் ஒரு மணல்திட்டு இருப்பதாகக் கொள்ளுங்கள். ஆழம் குறைவு, காற்று சீராக வீசுகிறது என்பதால் காற்றாலை நிறுவனம் அதைக் கேட்கிறது. கட்டுமானத்துக்கு ஏற்ற பருமணல் கிடைப்பதால் மணல் அகழ்வோரும் கேட்கிறார்கள். மீன்கள் அங்கே கூடுவதால் மீனவர்கள் பல தலைமுறைகளாக அங்கேதான் வலை விடுகிறார்கள். மீன்கள் கூடுகின்றன என்ற அதே காரணத்தைக் காட்டிச் சூழல் துறை அதைக் காப்பிடமாக அறிவிக்க விரும்புகிறது. திட்டின் ஓரத்தை ஒட்டிக் கப்பல் தடம் ஒன்றும் செல்கிறது.

இதில் எல்லாவற்றையும் பணமாக மாற்றி ஒப்பிடுவது சரியா? மின்சாரத்துக்கும் மணலுக்கும் மீனுக்கும் சந்தை விலை உண்டு. கடலடியில் வாழும் புழுவுக்கும் சிப்பிக்கும் விலை இல்லை. மதிப்பீடு செய்து ஒரு விலையைப் போட்டால் எவரும் அதை எளிதில் மறுத்துவிடலாம், போடாமல் விட்டால் கணக்கில் அது பூச்சியமாகிவிடுகிறது. பணம் வேண்டாம் என்று ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் மதிப்பெண் கொடுத்தாலோ, எந்த மதிப்பெண்ணுக்கு எவ்வளவு எடை என்பதை முடிவுசெய்பவரே விடையையும் முடிவுசெய்துவிடுகிறார். நடைமுறையில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஆழிநிலம்

உங்கள் எடுத்துக்காட்டில் ஒரே ஒரு திட்டுதான் இருக்கிறது. விடை கிடைக்காமல் போவதற்கு முதற்காரணம் அதுவே. ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதில் ஐந்து தரப்பினரையும் நிறுத்தினால், யாராவது ஒருவர் முழுமையாக வெல்வார், மற்றவர்கள் முழுமையாகத் தோற்பார்கள். அங்கே சமநிலை என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. கடற்பரப்பு முழுவதையும் விரித்து வைத்து, இதே போன்ற திட்டுகள் எத்தனை உள்ளன, அவற்றில் எவை எதற்கு ஏற்றவை என்று கேட்கும்போதுதான் பங்கிடுவதற்கு ஏதேனும் மிஞ்சும். தனித்தனி உரிம விண்ணப்பங்களை வந்த வரிசையில் பரிசீலிக்கும் பழைய முறைக்கும் இடத் திட்டமிடலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அடுத்தது எடை பற்றியது. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்காத முறை ஒன்று உண்டு, அது பெரிய அளவில் செயல்படுத்தப்பட்டும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக் கடற்பூங்கா 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. பரப்பு ஏறத்தாழ 3,44,400 சதுர கிலோமீட்டர். 2004க்கு முன் அதில் 5 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே எதையும் பிடிக்கவோ எடுக்கவோ கூடாத வலயமாக இருந்தது. அந்த ஆண்டு வலயங்களை மறுவரையறை செய்தபோது முதலில் வரைபடத்தில் கோடு போடவில்லை. கடற்பரப்பை 70 உயிர்ச்சூழல் பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 20 சதவீதம் முழுப் பாதுகாப்பில் இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகளை முதலில் முடிவுசெய்தார்கள். அந்த விதிகளை நிறைவேற்றும் பல்வேறு அமைப்புகளில் மீன்பிடிப்புக்கும் சுற்றுலாவுக்கும் குறைந்த இழப்பைத் தருவது எது என்ற தேடல் அதற்குப் பிறகே வந்தது. முடிவில் முழுப் பாதுகாப்புப் பரப்பு சுமார் 33 சதவீதமாக உயர்ந்தது.

இந்தத் தேடலுக்கு அங்கே பயன்பட்ட ‘மார்க்சன்’ என்ற மென்பொருளின் தர்க்கத்தைக் கவனியுங்கள். அது பவளத்தின் மதிப்பையும் இறாலின் மதிப்பையும் ஒப்பிடுவதில்லை. பாதுகாப்பு இலக்கை நாம் கொடுக்க வேண்டும். அந்த இலக்கை மிகக் குறைந்த செலவில் எட்டும் இடத்தொகுப்புகளை அது காட்டும். ஆகவே பணக் கணக்கு இரண்டாம் படியில் மட்டும் வருகிறது, அங்கே அதற்கு நல்ல பயனும் இருக்கிறது.

இதை முழு வெற்றிக் கதையாகச் சொல்ல நான் விரும்பவில்லை. பொதுமக்களிடமிருந்து 31,000க்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்தன. பல கோடுகள் அதனால் நகர்ந்தன. பாதிக்கப்பட்ட மீன்பிடித் தொழிலுக்கான சீரமைப்பு உதவி தொடக்க மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டி 20 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போனது. ‘குறைந்த செலவு’ என்று கணினி சொன்னதும் கருவூலம் கொடுத்ததும் ஒன்றாக இருக்கவில்லை.

மறுமொழி 2: வலைபாடு

மீனவர் கூட்டுறவு அமைப்புகளுக்கு ஆலோசனை கூறும் பணியில் இருப்பவன் என்ற முறையில் நண்பர் ஆழிநிலத்தின் விளக்கத்தோடு ஒரு தடையையும் சேர்த்து வைக்கிறேன். ‘இதே போன்ற திட்டுகள் எத்தனை உள்ளன’ என்று அவர் கேட்பது நியாயமே. ஆனால் எந்தத் திட்டு வெறுமையாக இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்லும் வரைபடம் எப்படி உருவானது என்பதை யாரும் கேட்பதில்லை.

மீன்பிடி அழுத்த வரைபடங்கள் பெரும்பாலும் கப்பல்களில் பொருத்தப்பட்ட செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவிகளின் தரவிலிருந்து வரையப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தக் கருவி நீண்ட காலம் 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்களுக்கே கட்டாயமாக இருந்தது. எல்லாக் கலங்களையும் கண்காணிப்புக்குள் கொண்டுவரும் திருத்தம் 2023இல்தான் நிறைவேறியது. அங்குள்ள மீன்பிடிக் கலங்களில் மிகப் பெரும்பாலானவை 12 மீட்டருக்குக் குறைந்தவை. ஆகவே, சிறு படகுகள் நாள்தோறும் தொழில் செய்யும் இடம் வரைபடத்தில் வெள்ளையாக விடப்பட்டிருக்கும். திட்டமிடுபவர் அதைக் காலி இடமென்று எடுத்துக்கொள்வார். ஸ்காட்லாந்தில் 15 மீட்டருக்குக் குறைந்த படகுகளின் உரிமையாளர்களை நேரில் சந்தித்து, 2007 முதல் 2011 வரை அவர்கள் மீன்பிடித்ததாகச் சொன்ன இடங்களை வரைபடத்தில் ஏற்றும் பணி நடந்தது. அத்தகைய பணி முதலில் நடக்காத இடத்தில் மார்க்சனோ வேறு எந்த மென்பொருளோ ‘குறைந்த செலவு’ என்று காட்டுவது, தரவு இல்லாதவரின் இழப்பைப் பூச்சியமாக வைத்துப் போட்ட கணக்கு. கேள்வி கேட்டவர் புழுவுக்கும் சிப்பிக்கும் சொன்ன குறை சிறு மீனவருக்கும் அப்படியே பொருந்தும்.

இடம்பெயர்வு பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பகுதியை மூடினால் அங்கிருந்த படகுகள் கரையேறி உட்கார்ந்துவிடுவதில்லை. 2001இன் தொடக்கத்தில் காட் மீன்களின் இனப்பெருக்கக் காலத்தில் வடகடலின் ஒரு பெரிய பகுதி சில வாரங்களுக்கு மூடப்பட்டது. கனமான சட்டகத்தில் கட்டிய வலையைக் கடலடியில் இழுத்துச் செல்லும் சட்டக இழுவலைக் கப்பல்கள் அதுவரை அதிகம் இழுக்கப்படாத கடலடிப் பகுதிகளுக்கு நகர்ந்தன. ஏற்கெனவே பலமுறை உழப்பட்ட அடித்தளத்தில் இன்னொரு முறை இழுப்பதால் வரும் சேதத்தைவிட, தொடப்படாத அடித்தளத்தில் முதல்முறை இழுப்பதால் வரும் சேதம் மிக அதிகம் என்பது இத்துறையில் யாரும் மறுக்காத உண்மை. மீனுக்காகப் போட்ட கோடு வேறோர் இடத்தில் கடலடிக்குக் கேடாக முடிந்தது. காற்றாலைக்காக ஒதுக்கும் பரப்பிலும் இதே நடக்கும், ஆனால் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒதுக்கப்பட்ட பரப்பின் எல்லையோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

கலந்தாலோசனையின் எல்லையைக் காட்ட இன்னொரு செய்தி. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலம் 2010இல் வகுத்த கடல் மேலாண்மைத் திட்டம் நல்ல முன்மாதிரியாகப் பேசப்பட்டது. மீனவர் ஆலோசனைக் குழு ஒன்றுக்கு அதில் முறையான இடம் இருந்தது. அதன் கீழ் வந்த பிளாக் தீவுக் காற்றாலை 2016இல் இயங்கத் தொடங்கியபோது அதில் 5 கோபுரங்களே இருந்தன. பின்னர் வந்தவை அதைவிடப் பல மடங்கு பெரியவை. 2023இல் அந்த ஆலோசனைக் குழுவின் உறுப்பினர்கள் அனைவரும், தங்கள் கருத்து முடிவுகளில் எடுபடவில்லை என்று கூறி ஒரே நேரத்தில் பதவி விலகினார்கள். குழு ஒழுங்காகத்தான் கூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் இழப்பு சிறியதாகத் தெரிவதும், அவற்றின் கூட்டுத்தொகையைப் பற்றிப் பேசும் இடம் எதுவும் இல்லாததுமே சிக்கல் என்பது என் கருத்து.

மறுமொழி 3: அளவுகோல்

பொருளாதாரம் படித்தவன் என்பதால் பணக் கணக்குக்குச் சற்றுப் பரிந்து பேச அனுமதியுங்கள். மேலே இருவரும் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் 20 சதவீதம் என்ற விதி தராசுக்கு வெளியே நிற்கும் அறிவியல் உண்மை போல முன்வைக்கப்படுவதை ஏற்க இயலவில்லை. அறிவியலாளர்கள் குறைந்தபட்சமாகப் பரிந்துரைத்த, அரசியல் தாங்கிக்கொண்ட ஓர் அளவு அது. 15 என்றோ 30 என்றோ இருந்திருந்தால் யாருக்கு எவ்வளவு கூடியிருக்கும், குறைந்திருக்கும் என்பதைக் காட்டினால்தான் அந்த முடிவு நேர்மையானதாகும். எல்லை வகுப்பதும் ஒரு வகை எடைபோடலே. முன்கூட்டியே, ஒரே முறையில், பலர் பார்க்க நடக்கிறது என்பதுதான் அதன் சிறப்பு.

மோதல் என்று நாம் நினைப்பவற்றில் பாதி, உண்மையில் சோதித்துப் பார்க்கப்படாதவை. பாஸ்டன் துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல் தடம் ஸ்டெல்வேகன் மணல்திட்டுக் கடற்காப்பகத்தின் ஊடாகத் திமிங்கலங்கள் மிகுதியாகக் கூடும் பகுதியில் சென்றுகொண்டிருந்தது. பல ஆண்டுகளில் திரட்டிய பார்வைப் பதிவுகளை வரைபடமாக்கிப் பார்த்தபோது, சற்று வடக்கே திமிங்கல அடர்த்தி மிகக் குறைவு என்று தெரிந்தது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஒப்புதலோடு 2007இல் தடம் நகர்த்தப்பட்டது. பற்களுக்குப் பதில் இரையை வடிகட்டும் தகடுகள் கொண்ட பலீன் திமிங்கலங்கள் மீது கப்பல் மோதும் வாய்ப்பு 81 சதவீதம் குறையும் என்று மதிப்பிடப்பட்டது. கப்பல்களுக்குக் கூடிய பயண நேரமோ சில நிமிடங்கள். இதற்குச் சமநிலை என்ற பெரிய சொல்லே தேவைப்படவில்லை. மாசசூசெட்ஸ் கடற்பரப்பில் காற்றாலைகளின் இருப்பிடத்தை ஆராய்ந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வும் இதே திசையில் செல்கிறது: இடங்களை ஒருங்கிணைத்துத் தேர்ந்தால், மீன்பிடிப்பும் திமிங்கலம் காட்டும் சுற்றுலாவும் 10 லட்சம் டாலருக்கு மேலான இழப்பைத் தவிர்க்கலாம், மின்துறை 1,000 கோடி டாலருக்கு மேல் கூடுதல் பயன் பெறலாம் என்று அது கணக்கிட்டது. ஒருவர் பெறுவது இன்னொருவர் இழப்பதாகவே இருக்க வேண்டியதில்லை என்ற நிலை எங்கே முடிகிறது, உண்மையான விட்டுக்கொடுப்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டறியக் கணக்கு வேண்டும்.

ஆனால் இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. சில பயன்பாடுகள் தராசில் ஏறுவதே இல்லை. 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கை, கரையிலிருந்து 200 கடல் மைல் வரை நீளக்கூடிய தனிப் பொருளாதார மண்டலத்தில் கட்டமைப்புகளை நிறுவும் உரிமையைக் கரையோர நாட்டுக்குத் தருகிறது; ஆனால் பன்னாட்டுக் கப்பல் போக்குவரத்துக்கு இன்றியமையாத, அங்கீகரிக்கப்பட்ட தடங்களுக்கு இடையூறு ஆகக்கூடிய இடத்தில் அவற்றை நிறுவக் கூடாது என்றும், அவற்றைச் சுற்றிய பாதுகாப்பு வலயம் பொதுவாக 500 மீட்டருக்கு மிகக் கூடாது என்றும் வரையறுக்கிறது. ஆகவே கப்பல் தடம் முதலிலேயே தன் இடத்தை எடுத்துக்கொள்கிறது. ராணுவமும் அவ்வாறே. பால்டிக் கடலில் முன்மொழியப்பட்ட 13 காற்றாலைத் திட்டங்களை ஸ்வீடன் அரசு 2024 நவம்பரில் ஒரே நாளில் நிராகரித்தது. சூழலோ மீன்வளமோ காரணமில்லை, நாட்டின் பாதுகாப்புக் கண்காணிப்புக்கு இடையூறு என்பதே காரணம். இவர்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதில்தான் காற்றாலையும் மீனவரும் காப்பிடமும் ஒருவரோடொருவர் போட்டியிடுகிறார்கள். அந்த மிச்சத்துக்குள் நடக்கும் பங்கீட்டைச் சமநிலை என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. உங்கள் திட்டின் ஓரத்தில் செல்லும் தடத்தை ‘கப்பல் தடம் ஒன்றும் செல்கிறது’ என்று நீங்களே மாற்ற முடியாத ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். பாஸ்டனில் நகர்ந்தது அதுதான்.

கடல்வரைவு

மூவருக்கும் நன்றி. தடத்தை நான் நிலையான ஒன்றாக எடுத்துக்கொண்டது உண்மைதான். அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தொடர்ச்சியாக ஒன்று கேட்கிறேன். மீன்கள் அந்தத் திட்டில் முட்டையிடுகின்றன என்று மீனவர்கள் சொல்கிறார்கள், ஆய்வுத் தரவு இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆய்வு முடியச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை முடிவைத் தள்ளிவைத்தால் காற்றாலை நிறுவனம் முதலீட்டை வேறிடத்துக்குக் கொண்டுபோகும். இப்போதே முடிவெடுத்தால் தவறான இடத்தில் கோபுரம் எழலாம். இத்தகைய அறியாமையை எப்படிக் கணக்கில் கொள்வது?

மறுமொழி 4: ஆழிநிலம்

எல்லாப் பயன்பாடுகளையும் ஒரே அளவு தாமதப்படுத்தவோ ஒரே அளவு விரைவுபடுத்தவோ வேண்டியதில்லை. எது திரும்பப் பெறக்கூடியது, எது திரும்பாதது என்று முதலில் பிரித்துவிடுங்கள். உறுதியாகத் தெரியாத நிலையில் விலையைவிட அந்தப் பிரிப்பே எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

பெல்ஜியத்தின் கடற்பரப்பு சுமார் 3,450 சதுர கிலோமீட்டர் மட்டுமே. அதற்குள் காற்றாலை, மணல் அகழ்வு, கப்பல் தடம், காப்பிடம் அனைத்தும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அங்குள்ள க்விண்டே மணல்திட்டின் நடுப்பகுதியில் அகழ்வினால் சுமார் 5 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்ததால், 2003இல் அந்தப் பகுதி அகழ்வுக்கு மூடப்பட்டது. அடித்தள உயிர்கள் ஓரளவு விரைவாகவே திரும்பின. ஆனால் பள்ளம் நிரம்பவில்லை. திட்டைக் கட்டிய நீரோட்ட நிலைமைகள் இன்று அதே அளவில் இல்லையென்றால் அள்ளிய மணல் போனது போனதுதான். ஆகவே உங்கள் திட்டில் தரவு வரும்வரை நிறுத்திவைக்க வேண்டியது முதலில் மணல் அகழ்வே. கற்பனையில் ஐந்து தரப்பினரும் சமமாக நின்றாலும் திரும்பாமை அவர்களை வரிசைப்படுத்திவிடுகிறது.

காற்றாலையில் இரண்டு வேறு கேள்விகள் உள்ளன. அடித்தூண் அறையும் காலத்தில் எழும் ஓசை மிகக் கடுமையானது, ஆனால் தற்காலிகமானது. அதற்கு இடத்தை மறுப்பதைவிட முறையைக் கட்டுப்படுத்துவது பயன்தரும். ஜெர்மனி கடற்பன்றிகள் எனப்படும் சிறு திமிங்கல இனத்தைக் காக்கும் நோக்கில், அறையப்படும் இடத்திலிருந்து 750 மீட்டர் தொலைவில் ஓசை அளவு 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. ஓசையைத் தணிக்கத் தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை எழுப்பும் தொழில்நுட்பம் விரைவாக வளர்ந்ததற்கு அந்த விதி பெரிதும் காரணம். இனப்பெருக்கப் பருவம் என்று மீனவர்கள் சொல்லும் மாதங்களில் அறைதலையே தடைசெய்வது அடுத்த படி; அதற்கு ஆய்வு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் தூண் நின்றபின் அந்தப் பரப்பு கால் நூற்றாண்டுக்கு மேல் கைமாறாது. திட்டங்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை திருத்தப்படுகின்றன என்று பெல்ஜியம் சொல்லலாம். 2014இல் வகுத்த திட்டத்தை 2020இல் திருத்தியும் இருக்கிறது. திருத்தத்தின்போது நகர்த்த முடிவது காகிதத்தில் உள்ளவற்றை மட்டுமே. எனவே திட்டு முழுவதையும் ஒரே குத்தகையில் விடாமல், மீனவர்கள் சுட்டும் பகுதியை இரண்டாம் கட்டமாகப் பிரித்து, ஆய்வு முடிவைப் பொறுத்தே அது திறக்கும் என்று தொடக்க ஏலத்திலேயே எழுதிவிடுவது நல்லது. நிறுவனங்களுக்கு விதி கடுமையாக இருப்பதைவிட, இடையில் மாறுவதுதான் அதிகச் செலவு.

மறுமொழி 5: வலைபாடு

கட்டம் பிரிப்பதை வரவேற்கிறேன். மீனவர் சொல்லைத் தரவு வரும்வரை ‘சான்றில்லை’ என்று ஒதுக்காமல், குத்தகையின் எல்லையை முடிவுசெய்யும் அளவுக்கு அது மதிக்கப்படுகிறது. ஆனால் மூன்று செய்திகள் ஏல ஆவணத்திலேயே இருக்க வேண்டும். கட்டுமானத்துக்கு முந்தைய ஆண்டுகளின் மீன்பாடு அடிப்படை அளவாகப் பதிவுசெய்யப்பட வேண்டும். அதை அளப்பவர் நிறுவனத்தின் ஊதியத்தில் இல்லாத மூன்றாம் தரப்பாக இருக்க வேண்டும், செலவு மட்டும் நிறுவனத்துடையது. எந்த அளவுக்குக் கீழே போனால் இரண்டாம் கட்டம் திறக்காது என்ற எண் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அது பேசப்படுவதே இல்லை. இழப்பீடு என்று வந்தால், படகின் உரிமையாளரோடு அது நின்றுவிடாமல், படகில் கூலிக்குப் போகிறவரையும் கரையில் மீனைப் பதப்படுத்தி விற்பவரையும் சேர்த்த பட்டியல் தொடக்கத்திலேயே தயாராக வேண்டும், ஏனெனில் தொழில் நின்ற பிறகு அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க எந்த அலுவலகத்திலும் பதிவேடு இருக்காது.